வந்து சேராத படம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகள் அமெரிக்காவின் எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறாள். அவர்கள் வெளியிடும் செய்திகளைப் படித்துப் பார்த்தேன். இந்தப் பேராசிரியருக்கு விருது, அந்த மாணவருக்கு உதவித்தொகை, இன்னோர் அணிக்குக் கோப்பை என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. நம் ஊர்க் கல்லூரிகள் சாலையோரம் கட்டும் பேனருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதை வைத்து ஒரு கல்லூரியை எடைபோட முடியுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பாதிக்கு மேல் பேனர்தான். ஒரு பேராசிரியரை ஏதோ ஒரு சங்கம் சிறப்பு உறுப்பினராக ஏற்றது என்ற செய்தியிலிருந்து, அவர் பாடம் நடத்தும் லட்சணத்தை யாராலும் ஊகிக்க முடியாது. அந்த வரிகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கோப்பைகளை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அரிசோனாவின் பிரெஸ்காட் நகரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வளாகம் உண்டு. அங்குள்ள ‘கோல்டன் ஈகிள்ஸ்’ மாணவர் அணி, கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ‘சேஃப்கான்’ என்ற தேசியப் போட்டியில் பலமுறை வென்றிருக்கிறது. விமானப் போட்டி என்றால் வானில் குட்டிக்கரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடுபாதையில் ஒரு கோடு இருக்கும். அதன்மீது சக்கரம் பட வேண்டும். எவ்வளவு தள்ளிப் படுகிறதோ அவ்வளவுக்குத் தண்டப் புள்ளி.

எனக்குப் பிடித்த போட்டியில் விமானம் தரையைவிட்டு எழும்புவதே இல்லை. நிற்கும் விமானத்தில் நடுவர்கள் வேண்டுமென்றே கோளாறுகளைச் செய்துவைப்பார்கள். ஒரு திருகு காணாமல் போயிருக்கும், எங்கோ ஒரு மரை தளர்ந்திருக்கும். மாணவர் 15 நிமிடத்துக்குள் சுற்றிவந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறவரின் கண் இதற்கு வேண்டும். இதில் வென்றவரை பேனரில் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் ஓட்டுகிற விமானத்தில் நான் யோசிக்காமல் ஏறுவேன்.

இனி, எந்தக் கோப்பையும் கிடைக்காத ஒரு வேலையைச் சொல்கிறேன். புளோரிடாவில் உள்ள டேட்டோனா பீச் வளாகத்தின் மாணவர்கள், பேராசிரியர் டிராய் ஹெண்டர்சனின் வழிகாட்டலில் ‘ஈகிள்கேம்’ என்ற சிறு கேமராப் பெட்டியைச் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் இன்டியூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ் கலம் அதை நிலவுக்குக் கொண்டுபோனது. தரைக்குச் சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது பெட்டி வெளியே குதித்து, கலம் இறங்குவதைப் படம் பிடிக்க வேண்டும். தாய்க் கலத்தை முந்திக்கொண்டு பிள்ளை நிலவில் விழ வேண்டும் என்ற அந்த யோசனையே அழகு.

நடந்தது வேறு. கலத்தின் உயரத்தை அளக்கும் லேசர் கருவி இயங்கவில்லை. தரையில் இருந்தபோது பாதுகாப்புக்காகப் பூட்டிவைத்த சுவிட்சை, ஏவுவதற்கு முன் அந்த நிறுவனத்தார் விடுவிக்காமல் விட்டிருந்தார்கள். (மேலே சொன்ன 15 நிமிடப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்!) நாசாவின் வேறொரு கருவியைக் கொண்டு இறங்குவதற்காக அவசரமாக மென்பொருளை மாற்றினார்கள். அந்தக் களேபரத்தில் ஈகிள்கேமை அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. 22ஆம் தேதி கலம் இறங்கிச் சாய்ந்தது. 28ஆம் தேதி பெட்டியை வெளியே தள்ளினார்கள். நாலு மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. படம் வரவில்லை.

யார்மீதாவது பழி போட்டுத் தப்பிக்க மாணவர்களுக்கு வழி இருந்தது, காரணமும் இருந்தது. ஆனாலும் அவர்கள் செய்த பெட்டி நிலவில் கிடக்கிறது. அதைச் செய்த கைகள் அடுத்த பெட்டியை வேறு மாதிரி செய்யும்.

உங்கள் அண்ணன் மகள் அங்கே யாரிடமாவது பேச வாய்த்தால், ஈகிள்கேமைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே தவறியது என்று அவர்கள் உட்கார்ந்து விளக்கினால் விண்ணப்பம் போடலாம். கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதற்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும்.