கென்யாவின் கேபிளும் டேட்டா சென்டரும்

கேள்வி: கென்யாவில்கூட ஏஐ டேட்டா சென்டர் வரப்போகிறதாமே, அதற்கெல்லாம் அங்கே பணம் ஏது?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் கடலடி இணையக் கேபிள் கதையைப் பார்க்க வேண்டும், இதே பணக் கேள்வி அப்போதும் வந்தது. 2009 வரை கென்யா வெளியுலக இணையத் தொடர்புக்குச் செயற்கைக்கோளைத்தான் நம்பி இருந்தது, விலையோ யானை விலை. கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரமாகப் பல நாடுகள் சேர்ந்து போடவிருந்த ‘ஈஸி’ என்ற கேபிளின் உரிமை யாருக்கு என்ற பேச்சிலேயே இழுத்துக்கொண்டு போக, கென்ய அரசு பொறுத்தது போதும் என்று அமீரகத்தின் தொலைபேசி கம்பெனியான எதிசலாத்தையும் உள்ளூர் தொலைபேசி கம்பெனிகளையும் கூட்டுச் சேர்த்து, அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து கென்யத் துறைமுகமான மொம்பாசா வரை ‘டீம்ஸ்’ கேபிளைச் சுமார் 13 கோடி டாலரில் போட்டுவிட்டது. அரசு ஒரு பங்கு, மிச்சம் கம்பெனிகள். நல்ல வழி அதுதான் என்பேன்.

இந்த டேட்டா சென்டர் திட்டம் வேறு மாதிரி. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அபுதாபியின் ஏஐ கம்பெனியான ஜி42-வும் கென்யாவின் ஓல்கரியாவில் பூமிவெப்ப மின்சாரத்தில் ஓடும் டேட்டா சென்டர் உள்ளிட்ட திட்டங்களுக்கு, முதற்கட்டமாக 100 கோடி டாலர் போடுவதாக அறிவித்தன. அதாவது பணம் வெளியிலிருந்து. சரி, வரட்டும். ஆனால் மண்ணும் அதன் அடியில் கொதிக்கும் நீராவியும் கென்யாவுடையவை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும் அந்த சர்வர்களில் எவ்வளவு இடம், என்ன விலைக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.