மொட்டை மாடியிலிருந்து கூப்பிட ஒரு பெயர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் நாலு குடித்தனம் இருக்கும் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு மாத ஆண் நாட்டு நாய்க்குட்டி வளர்க்கிறோம். மகன் ‘நெப்போலியன்’ என்கிறான், மாமியார் ‘மணி’ என்கிறார். செல்லமாகக் கூப்பிட எது நல்லது?

பதில்: மணி வேண்டாம். உங்கள் தெருவில் நிச்சயம் ஒரு மணி அண்ணன் இருப்பார். “டேய் மணி, செருப்பைக் கடிக்காத!” என்று நீங்கள் கத்தும்போது அவர் மனம் நோகும். தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் அந்தக் கசப்பு எதற்கு?

நெப்போலியன் நீளம். ராயபுரத்தில் நான் பழக்கிய ஒரு நாய்க்கு ‘அலெக்சாண்டர்’ என்று பெயர். பையன் அப்படிக் கூப்பிட்டால் காதைக்கூட ஆட்டாது. பாட்டி சோறு பிசைந்த கையோடு “அலக்கூ” என்றால் மாடிப்படியில் உருண்டு வரும். பாட்டி வாயிலும் பேரன் வாயிலும் ஒரே மாதிரி வருகிற பெயர்தான் நிலைக்கும்.

இரண்டு அசை போதும். கடைசியில் இழுத்துக் கூப்பிட வசதியாக உயிரொலி இருக்கட்டும். கன்டெய்னர் லாரி சத்தத்துக்கு நடுவே வாழ்கிற நமக்கு இது முக்கியம். அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னணிப் பேச்சு தன் பெயரின் அளவுக்கே சத்தமாக இருந்தபோதும் நாய்கள் பெயரை அடையாளம் கண்டன. அதைவிடக் கூடியதும் தடுமாறின. அதனால் லாரி கடக்கும்வரை பொறுத்துக் கூப்பிடுங்கள்.

கட்டளைச் சொல்லோடு ஒலி மோதக் கூடாது. ‘சிட்’ சொல்லிப் பழக்கினால் ‘சிட்டு’ குழப்பும். ‘வா’ என்று கூப்பிடுகிற வீட்டில் ‘வாசு’வும் அப்படித்தான்.

நெற்றியில் புள்ளி இருந்தால் பொட்டு. பக்கவாட்டில் ஓடினால் நண்டு. எனக்குப் பிடித்தது பேஜோ; பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடையில் நொறுக்கிப் போடுவார்களே, அந்தப் பொரித்த பண்டம்தான். மொறுமொறுவென்று துள்ளுகிற குட்டிக்கு அழகாகப் பொருந்தும்.

பெயர் முடிவானதும் வேகவைத்த கோழியை நகத்தளவு கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த நொடியே கொடுங்கள். தினம் பத்து முறை, ஒரு வாரம். திட்டும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள், பயந்தால் வராது.

அப்புறம், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது அட்டையில் நெப்போலியன் என்றே எழுதச் சொல்லுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கும் அதையே கொடுங்கள். மகன் சந்தோஷப்படுவான்.