வாசகர் கேள்வி - பதில்: இரவுச் சமையலுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். பகலில் சோறும் மீன் குழம்பும், இரவில் இட்லி அல்லது தோசை. அதுவும் இல்லையென்றால் பகலில் மிஞ்சிய குழம்போடு மீண்டும் சோறு. “இன்னைக்கும் இதுதானாம்மா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். புத்தகம் பார்த்துச் சமைக்கலாம் என்று இரண்டு வாங்கினேன். ஒன்றில் படங்கள் அழகாக இருக்கின்றன. பாதிச் சாமான்கள் எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை. மற்றொன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. செய்து பார்த்தால் எல்லாம் ஒரே ருசி. எப்படிப்பட்ட புத்தகத்தை வாங்க வேண்டும்? - வாசகி, தேவிபட்டினம்.

பதில்: குறிப்புகளின் எண்ணிக்கையை நம்பி வாங்கிய புத்தகம் பெரும்பாலும் இப்படித்தான் ஏமாற்றும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா என்ற ஒரே வதக்கலை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதில் காளான் போட்டால் ஒரு பெயரும் காலிஃபிளவர் போட்டால் வேறொரு பெயரும் சூட்டிப் பக்கங்களை நிரப்பிய புத்தகங்கள் ஏராளம். கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இடையிடையே நான்கைந்து பக்கங்களைத் திருப்பி, சாமான் பட்டியல்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஆறு பொருள்கள் எல்லாப் பக்கத்திலும் மாறாமல் வந்தால் அந்தப் புத்தகத்தை அப்படியே வைத்துவிடுங்கள்.

அடுத்து, உங்களுக்குக் கைவந்த ஒரு சமையலை அந்தப் புத்தகம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு அது மீன் குழம்புதான். புளிக்கரைசலின் பச்சை வாடை போய்க் குழம்பு கெட்டிப்பட்ட பிறகே மீனைப் போட வேண்டும் என்பதும், நெத்திலியும் சூடையும் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும் என்பதும், அதன் பிறகு கரண்டியால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். “மீனைச் சேர்த்து இருபது நிமிடம் வேகவிடவும்” என்று எல்லா மீனுக்கும் பொதுவாக எழுதியிருப்பவர் அடுப்படியில் நின்று எழுதவில்லை. கணவாய் இன்னும் நல்ல சோதனை. அதை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு, இறுகியது மறுபடி மெத்தென்று ஆகும் வரை வேகவைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் ரப்பரைப் போலத்தான் இருக்கும். இதைக் காரணத்தோடு சொல்லும் புத்தகம் கிடைத்தால், அதில் முப்பது குறிப்புகளே இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் அன்றைய சமையலை முடிவு செய்வது வலையில் வந்த மீன்தான். ஆகவே ஒரு குறிப்பில் போட்டிருக்கும் மீன் கிடைக்காத நாளில் எதைப் போடலாம் என்று சொல்கிற புத்தகமே உங்களுக்கு நாள்தோறும் பயன்படும். சூடை, சாளை, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்கள் புளியையும் காரத்தையும் தாங்கும். விளமீன், பாறை போன்ற வெள்ளைச் சதை மீன்கள் தேங்காய்ப்பாலிலும் மிளகிலும் எடுப்பாக இருக்கும். மீன்களை இப்படி இனம் பிரித்துச் சொல்லும் புத்தகத்தைப் படித்துவிட்டால் ஒரே செய்முறையைப் பல இரவுகளுக்கு மாற்றி மாற்றிச் செய்யலாம். பிள்ளைகளின் கேள்விக்கு அதுவே போதுமான பதிலாக இருக்கும்.

மிளகாயை எப்படி அளந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நீங்கள் வாங்குவது உருண்டையான, தோல் தடித்த குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அதுதான். “காய்ந்த மிளகாய் 8” என்று எழுதியவர் மனத்தில் இருந்தது நீட்டு மிளகாயா, காஷ்மீர் மிளகாயா என்பது தெரியாமல் எட்டைக் கிள்ளிப் போட்டால் காரம், நிறம் இரண்டுமே மாறிவிடும். மிளகாயின் வகையையும் எடையையும் குறிப்பிடுகிற ஆசிரியர் மற்ற அளவுகளிலும் கவனமாகத்தான் இருப்பார்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கைக்கு எட்டாது. இரவுச் சாப்பாடு மிகவும் சலித்துப்போவது அந்த இரண்டு மாதங்களில்தான் என்பதால், நீங்கள் வாங்கும் முதல் புத்தகம் மீனுக்கானதாக இல்லாமல் பருப்பு, காய், கீரை ஆகியவற்றுக்கானதாக இருக்கட்டும். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ல் முதற்பதிப்பு வந்த ‘சமைத்துப் பார்’ முழுக்கச் சைவம். குழம்பு, கூட்டு, ரசம், துவையல் என்று வீட்டில் அன்றாடம் வைப்பவற்றை, முன்பின் சமைத்தறியாதவருக்கும் புரியும்படி வரிசையாகச் சொல்கிற நூல் அது. படத்தைப் பார்த்து ஆசைப்பட அதில் ஒன்றுமில்லை என்றாலும், தடைக்காலத்து இரவுகளுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது அதைத்தான். ஒரு துவையலும் ஒரு கூட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் இட்லி, தோசைக்கும் சோற்றுக்கும் சேர்த்து ஒரு வாரம் நகர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் உம்மாவின் அலமாரியில் பழைய சமையல் புத்தகம் ஒன்று கிடைத்தது. அளவுகள் எல்லாம் பலம், ஆழாக்கு என்று இருக்கின்றன. இதை வைத்துச் சமைக்க முடியுமா, புதிதாக ஒன்று வாங்குவது நல்லதா? - வாசகி, கீழக்கரை.

பதில்: தாராளமாகச் சமைக்கலாம். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-ல்தான் வந்தது என்பதால் அதற்கு முன் வெளியான புத்தகங்கள் பழைய அளவுகளில் இருக்கின்றன. ஒரு பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர். எட்டு ஆழாக்கு சேர்ந்தது ஒரு படி. பலம் எடையைக் குறிக்கும், ஆழாக்கு கொள்ளளவைக் குறிக்கும். ஆகவே ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பை 168 கிராம் என்று தராசில் நிறுத்துவிடாதீர்கள். அந்தக் கொள்ளளவுள்ள ஒரு தம்ளரைக் கண்டுபிடித்து அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். அந்நாளில் பெரிய குடும்பங்களுக்காக எழுதியிருப்பார்கள் என்பதால் முதல் முறை பாதி அளவில் செய்யுங்கள். உப்பையும் புளியையும் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொதல், வட்டலப்பம் என்ற இனிப்புகளும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணங்களும் (குழம்புகளும்) வழிவழியாக வருகிற வீடுகளில், கடையில் விற்கும் எந்தப் புத்தகத்தையும்விட உம்மாவின் கைப்பக்குவமே பெரிய புத்தகம். அவர் சமைக்கும்போது அருகில் ஒரு சிறு தராசை வைத்துக்கொண்டு, அவர் கையில் அள்ளிய மல்லியையும் மிளகையும் சட்டியில் விழும் முன் நிறுத்து எழுதிவிடுங்கள். “கொஞ்சம்” என்று அவர் சொல்வது எத்தனை கிராம் என்பது அப்போதுதான் தெரியவரும். முதல் பால், இரண்டாம் பால் எந்த நேரத்தில் சேர்கின்றன, எது கொதிக்கலாம், எது கொதிக்கக்கூடாது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் விலை அதிகமாக இருக்கின்றன. ஓவனும் எங்களிடம் இல்லை. வாங்கினால் பயன்படுமா? - வாசகர், தொண்டி.

பதில்: பாதிக்கு மேல் ஓவனில் வைப்பவையாக இருந்தால் வேண்டாம். மீனின் பெயரிலும் கவனம் தேவை. நம் கடற்கரையில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படும் காலா மீனுக்கும், அந்தப் புத்தகங்கள் சொல்கிற கொழுப்பு மிகுந்த சால்மனுக்கும் உறவில்லை. அதே நேரக் கணக்கில் வைத்தால் காலா வறண்டுபோகும். விலை கொடுக்கும் முன் நூலகத்தில் பாருங்கள். டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் சமையல் நூல்கள் 641.5 என்ற எண்ணின் கீழ் இருக்கும். ஒன்றை எடுத்துவந்து, வேலைநாள் இரவுகளில் இரண்டு மூன்று குறிப்புகளைச் செய்து பார்த்து, வீட்டிலுள்ளவர்கள் மறுபடி கேட்ட புத்தகத்தை மட்டும் வாங்குங்கள்.