ஆயில் பிரஷர் ஏறாத இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாமா?

செய்யாதீர்கள். அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துக் கட்டி, வண்டிக்கு வெளியில் வைத்தே செல்ஃப் அடித்தும் பிரஷர் முள் அசையவில்லை என்கிறீர்கள். ‘ஓட ஆரம்பித்தால் தானாக ஏறிவிடும்’ என்று மெக்கானிக் சொன்னதை நம்ப வேண்டாம். புது பேரிங் எண்ணெய் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே உரசிப் போய்விடும்.

பெரும்பாலும் ஆயில் பம்பு காய்ந்து கிடப்பதுதான் காரணம். உள்ளே காற்று நின்றுவிட்டால் பம்பு சம்பிலிருந்து, அதாவது இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியிலிருந்து, எண்ணெயை இழுக்காது.

1. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயரையும் எடுத்துவிடுங்கள்.

2. பிரஷர் கேஜ் குழாய் மாட்டும் துளை வழியாக ஆயில் கேனால் எண்ணெயை அழுத்திச் செலுத்துங்கள். இதில் அவசரப்படாதீர்கள். ஃபில்டரையும் நிரப்பியே மாட்டுங்கள்.

3. கேஜை மாட்டி 10 நொடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு. நாலைந்து தடவைக்குள் முள் எழ வேண்டும்.

எழவில்லையா? சம்பை இறக்கி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

பிரஷர் வந்ததும் ஐடிலில் விட்டுவிடாதீர்கள். வால்வுகளை இயக்கும் கேமும் டேப்பட்டும் புதிது என்றால் முதல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம் பக்கத்திலேயே ஓட வேண்டும், அதுவும் ரேடியேட்டரில் தண்ணீரோடு.

அப்புறம், பிரித்து மாட்டுவதற்கான சுழல் ஸ்டாண்டில் வைத்து ஓட்டவே கூடாது. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் இன்ஜின் முறுக்கும், ஸ்டாண்டு சாய்ந்துவிடும். மவுண்டிங்கோடு கனமான இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பெட்ரோல் கேன் சைலன்சர் பக்கம் வேண்டாம்.