சீஸ் என்றால் உயிர், எடையும் குறைய வேண்டும். சீஸை அடியோடு விட்டுவிடத்தான் வேண்டுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை, உணவு ஆலோசகரும் இல்லை. சுவிட்சர்லாந்தில், பேர்ண் நகரில், ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வருடக்கணக்காகச் சீஸ் உருக்கிக்கொண்டிருப்பவன். ‘மனக்கட்டுப்பாடு இருந்தால் எல்லாம் முடியும்’ என்று யாராவது வந்து எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும் என்றுதான் வேலை முடிந்து வந்து நடுச்சாமத்தில் ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர் ஊரையும் வயதையும் சொல்லவில்லை. சீஸ் இல்லாமல் இரவுச் சாப்பாடு இறங்குவதில்லை, 8 கிலோ கூடிவிட்டது, பாக்கெட்டில் 45 சதவீதம் கொழுப்பு என்று பார்த்துப் பயந்துவிட்டேன், இவ்வளவுதான் எழுதியிருக்கிறார். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் பகலெல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறீர்கள். இரவு பத்தரைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே ஒரு துண்டு வெட்டுகிறீர்கள். அது கோணலாக வந்துவிட்டது என்று, நேராக்குவதற்கு இன்னொரு துண்டு. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள், ஆனால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 45ஐ முதலில் பார்ப்போம். இங்கே சீஸ் பாக்கெட்டில் போடும் அந்த எண், சீஸிலுள்ள தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சும் பொருளில் கொழுப்பு எவ்வளவு என்பது. எமென்டாலர் என்ற கெட்டிச் சீஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் 45 என்று போட்டிருந்தாலும் 100 கிராம் சீஸில் உண்மையான கொழுப்பு 30 கிராம் பக்கம்தான் வரும். அதே 45 மொஸரெல்லாவிலும் இருக்கும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆகவே கொழுப்பு 20 கிராம் பக்கம் நின்றுவிடும். பின்பக்கம் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று ஓர் அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். இந்தத் தொழிலில் இருந்தும் நான் இதைக் கனகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. குசினியில் எங்கள் ஆட்களுக்கு யாராவது எதையாவது சொல்லித் தந்தார்கள் என்றால் அது சட்டி கழுவுவதுதான்.

நானும் 2006இல் சட்டி கழுவத்தான் சேர்ந்தேன். அப்போது 67 கிலோ. இரண்டு வருடத்தில் சீஸ் உருக்கும் ஃபொண்டூ அடுப்புக்கு மாற்றினார்கள். 2016இல் பார்த்தால் 88 கிலோ. இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) 6.2 சதவீதம். ‘இன்னும் நீரிழிவு வருத்தமில்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்’ என்றார் டொக்டர்.

நான் செய்யாதது இல்லை. சோற்றை ஒரு நேரமாக்கினேன். மனிசி அரிசிமாவை நிறுத்திக் குரக்கன் (கேழ்வரகு) மாவில் புட்டு அவித்தாள். ஆரே ஆற்றங்கரையில் தினமும் நடந்தேன். ஐந்து மாதத்தில் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. டொக்டர் ஒரு கொப்பி வாங்கி, வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். உண்மையாகவே எழுதினேன். இரண்டு கிழமை எழுதிய கொப்பியில் சீஸ் என்ற சொல் நாலு இடத்தில்கூட இல்லை, ஏனென்றால் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுச் சீஸ் சாப்பிடும் பழக்கமே எனக்கு இல்லை.

கொப்பியைப் புரட்டிப் பார்த்த மகள்தான் கேட்டாள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. “அப்பா, சட்டி சுரண்டுறதை எங்க எழுதியிருக்கிறீங்கள்?”

பள்ளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவின் வேலைத்தளத்துக்குப் போய்ப் பார்க்கும் நாள் ஒன்று இங்கே நவம்பரில் வரும். அன்று வந்து குசினி மூலையில் நின்று பார்த்திருக்கிறாள். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

ஃபொண்டூ தெரியாதவர்களுக்கு: தடித்த சட்டியின் உள்பக்கம் உள்ளி தேய்த்து, வெள்ளை வைனைச் சூடாக்கி, துருவிய சீஸைக் கொஞ்சம் சோளமாவோடு போட்டு, எட்டு என்ற இலக்கத்தை எழுதுவதுபோல அகப்பையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குசினியில் க்ரூயேர் சீஸ் பாதி, வஷ்ரான் சீஸ் பாதி. கொதிக்க விட்டால் போச்சு, திரிந்து எண்ணெய் வேறு சீஸ் வேறாகிவிடும். சட்டியை அப்படியே மேசையில் சின்ன அடுப்பில் வைப்பார்கள், சனம் பாண் துண்டுகளை நீளக் கம்பியில் குத்தித் தோய்த்துச் சாப்பிடும். ஆளுக்கு 200 கிராம் சீஸ் என்பது கணக்கு, பாண் வேறு.

எல்லாம் முடிந்த பிறகு சட்டியின் அடியில் வட்டமாக ஒன்று பிடித்திருக்கும். நடுவில் பொன்நிறம், ஓரத்தில் கருகல். கரண்டி நுனியால் ஓரத்தைக் கிளப்பி, சூடு ஆறுவதற்குள் ஒரு திருப்புத் திருப்பினால் அப்பளம்போல முழுதாக எழும்பி வரும், கடித்தால் நொறுங்கும், பிறகு பல்லில் ஒட்டும். ஜெர்மன் பேசும் பக்கத்தில் இதற்குப் பாட்டி என்று பெயர், பிரெஞ்சுப் பக்கத்தில் கன்னியாஸ்திரி. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சுவிஸ்காரர் இதற்கு அடிபடுவார்கள், மேசையிலேயே பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள், குசினிக்கு வெறும் சட்டிதான் திரும்பி வரும். சுற்றுலாப் பயணிகளுக்கு இது தெரியாது, கருகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அவர்கள்தான் ஜூலை மாதம், முப்பது பாகை வெயிலில், மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஃபொண்டூ கேட்பவர்கள். இந்த ஊர்க்காரர் எவரும் கோடையில் அதைத் தொடமாட்டார். ஊரெல்லாம் கோடையில் ஆற்றில் நீந்தி மெலிய, எனக்கு மட்டும் ஏன் கோடையில் நிறை ஏறுகிறது என்று பல வருடம் விளங்காமல் இருந்த மர்மம் மகளின் ஒரு கேள்வியில் அவிழ்ந்தது.

அடுத்த சனிக்கிழமை சாப்பிடாமல் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன். ஏழு பாட்டிகள். குசினித் தராசில் வைத்தால் 140 கிராம். கடையில் வாங்கும் க்ரூயேரே 100 கிராமுக்கு 400 கலோரியைத் தொடும், அடிப்பிடித்தது தண்ணீர் வற்றியது, அதைவிடக் கூடத்தான் இருக்கும். ஆக, ஒரு முழு நேரச் சாப்பாட்டை நான் சாப்பாடு என்றே நினைக்காமல், நின்றுகொண்டு, கிழமையில் ஐந்து இரவு தின்றிருக்கிறேன். குரக்கன் புட்டை இதற்கு மேல்தான் சாப்பிட்டேன்.

எச்சில் இல்லையா என்று ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள். ஆம், எச்சில்தான். நாலு பேர் கம்பி விட்ட சட்டிதான். அடுப்பில் கிடந்து வறுபட்டது என்று நான் சமாதானம் சொல்லலாம், ஆனால் அது காரணமில்லை. 1995 ஒக்டோபரில் போர் காரணமாக யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்தோடு சனமாக இருந்தபோது அம்மா எங்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் சட்டிக்குள் சாப்பிட்டால் கலியாணத்தன்று மழை பெய்யும் என்று எங்களைப் பேசியவளும் அவள்தான். எனக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுடுதண்ணீரில் கழுவி ஊற்ற முடியாது. கை விடாது. இதை டொக்டருக்கு ஜெர்மனில் விளக்கவும் என்னால் முடியவில்லை, ‘ரெஸ்டே’ என்றேன், மிச்சம் என்று அர்த்தம், அவர் எழுதிக்கொண்டார்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சீஸ் என்று பேச்சு வந்துவிட்டதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஊர்ச் சபையில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மூன்று பேர். ஒருவர் சிரித்தபடி, வீட்டில் ஃபொண்டூ சாப்பிடுவீர்களா என்று கேட்டார். முதல் நாள் இரவு மட்டும் முப்பது சட்டி கிண்டியிருந்தேன், குளித்துவிட்டுப் போயும் என் மயிரில் அந்த மணம் இருந்திருக்கும். வீட்டில் இல்லை, வேலையில் என்றேன். பிறகு, ஊரில் எந்தச் சங்கத்திலும் நீங்கள் இல்லையே, ஆட்களோடு பழகுவதில்லையா என்று கேட்டார்கள். சங்கங்கள் எல்லாம் கூடுவது மாலை ஏழு எட்டு மணிக்கு. கூட்டம் முடிந்து அவர்கள் ஃபொண்டூ சாப்பிட வரும்போது அதைக் கிண்டிக்கொண்டிருப்பவன் எப்படி ஐயா சங்கத்தில் இருப்பது? போதுமான அளவு ஒன்றிணையவில்லை என்று கடிதம் வந்தது. இரண்டாம் முறை கிடைத்தது, அதற்காக ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்து ஞாயிறுகளில் பின்வரிசையில் நின்று வாயசைத்தேன். சரி, விடுங்கள்.

சீஸை நான் விடவில்லை. சுரண்டுவதைத்தான் விட்டேன், அதுவும் ஒரே நாளில் இல்லை. சட்டி திரும்பி வந்ததும் யோசிக்காமல் சுடுதண்ணீரைப் பிடித்துவிடும்படி கழுவுகிற தம்பியிடம் சொல்லி வைத்தேன். முதல் மாதம் அவன் ஊற்றும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு 30 கிராம் சீஸ், தராசில் வைத்து, கோப்பையில் போட்டு, கதிரையில் இருந்து சாப்பிடுவது. 30 கிராம் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை, இங்கே உணவுப் பரிந்துரையில் கெட்டிச் சீஸுக்கு ஒரு பங்கு என்பது அவ்வளவுதான். க்ரூயேரில் அது 120 கலோரி, 8 கிராம் புரதம். பார்க்கத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும், முதல் நாள் அழுகை வரும். அதனால்தான் ஸ்பிரின்ஸ் என்ற சீஸுக்கு மாறினேன். ஒரு வருடத்துக்கு மேல் முதிர வைக்கிறார்கள், கத்தியால் வெட்ட வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு துண்டு வாயில் கரைய நேரம் எடுக்கும். கொழுப்பு மற்றதைவிடக் குறைவில்லை, யாரும் அப்படி நினைத்து வாங்க வேண்டாம், ஆனால் உப்பும் மணமும் அவ்வளவு இருப்பதால் கொஞ்சத்திலேயே நாக்கு நிறைந்துவிடும். கோவா (முட்டைக்கோஸ்) வறையில் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக இதைத் துருவிப் போட்டேன். மனிசி ஒரு கிழமை என்னோடு வடிவாகக் கதைக்கவில்லை. இப்போது அவளும் போடுகிறாள்.

கொழுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு கிளாருஸ் மாநிலத்தில் ஷாப்ட்சீகர் என்று ஒன்று உண்டு. ஆடை எடுத்த பாலில் செய்வது, பச்சை நிறம், கூம்பு வடிவம், 1463ஆம் ஆண்டிலேயே எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் சேர்க்கும் மூலிகை எங்கள் வெந்தயத்தின் சொந்தக்காரன், முகர்ந்தாலே தெரியும். கடித்துச் சாப்பிட முடியாது, துருவித் தூவத்தான். எனக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் அது கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைக்கப்படுகிறது.

இன்னும் இரண்டு. சைவக்காரர் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள், க்ரூயேர் மாதிரியானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியில் உறைய வைத்தவை. சீஸ் எவ்வளவும் தின்னலாம், பாணையும் சோற்றையும் விட்டால் போதும் என்று வாதாட வருபவர்களுக்கு, உங்களுக்குச் சரி வந்தால் சந்தோஷம், சோற்றை விட்ட யாழ்ப்பாணத்தானை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏற்கனவே கொலஸ்ரோல், பிரஷர் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், உங்கள் டொக்டரைக் கேளுங்கள், சீஸில் உப்பும் கணிசம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு கிழமைக்கு, நின்றுகொண்டு தின்னும் சீஸை எல்லாம் தின்னாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், கோணலாக வந்ததையும் சேர்த்து. ஏழாம் நாள் தராசில் வையுங்கள். என்ன காட்டுகிறது என்று இங்கே வந்து எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

எனக்கு இப்போது 76 கிலோ, ஒன்றரை வருடம் எடுத்தது, சீனி 5.6. டொக்டர் இன்னும் ஐந்து கிலோ கேட்கிறார். மகளுக்கு இருபது வயதாகிவிட்டது, சூரிச்சில் படிக்கிறாள், குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும்போது நான்தான் ஃபொண்டூ கிண்ட வேண்டும். அடியில் பிடித்ததை இரண்டாக உடைப்பாள். பெரிய பாதி அவளுக்கு, அதைக் கேட்டு நான் இன்றுவரை ஜெயித்ததில்லை.