ப்ளே ஸ்கூல் மிஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் தடுப்பூசி பார்க்க வேண்டுமா?

காட்பாடிப் பக்கம் ஜூனில் ப்ளே ஸ்கூல் திறக்கப் போவதாகவும், நாலு மிஸ், இரண்டு ஆயா வைக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை அட்மிஷன்போதே வாங்கிவிடுவோம், வேலைக்கு வருபவர்களுக்கும் பார்க்க வேண்டுமா, கட்டாயப்படுத்தலாமா என்பது உங்கள் கேள்வி.

பார்க்க வேண்டும். அதிலும் முதலில் ஆயாவைப் பாருங்கள். மூக்கைத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, வாந்தி எடுத்தால் அள்ளுவது, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வது எல்லாம் அவர்தான். ஊசி பற்றி யாரும் கேட்காத ஆளும் அவர்தான். நான் சத்துவாச்சாரியில் இதே தொழிலில் இருக்கிறேன், டாக்டர் இல்லை. எங்கள் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆட்களின் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

எங்கள் பெரிய ஆயாவிடம் முதன்முதலில் பேச்செடுத்தபோது ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, எட்டணா அகலத்துக்கு இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். "சின்ன வயசுலயே குத்திட்டாங்க மிஸ், இதோ பாருங்க." அது பெரியம்மைக்குக் குத்தியது. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று 1977இல் அறிவித்தாயிற்று. அந்தத் தழும்புக்கும் இன்று பிள்ளைகளிடம் பரவும் எந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. சின்ன வயது மிஸ்கள் காட்டும் குட்டித் தழும்பு பிசிஜி, அது காசநோய்க்கானது. ஆக, கையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அட்டையைக் கேளுங்கள். அட்டை இருக்காது. இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் கவலை ரூபெல்லா. வேலைக்கு வருபவர்களில் முக்கால்வாசி இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண்கள். இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை நீட்டும் மிஸ் அடுத்த வருஷம் கர்ப்பமாக இருப்பார். ரூபெல்லா பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சல், மெல்லிய தடிப்பு என்று வந்து போய்விடும், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம், கரு கலையவும் செய்யலாம். 2017 பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது, அதுவும் 9 மாதம் முதல் 15 வயது வரை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணைக்குள் ரூபெல்லா வந்ததே அதை ஒட்டித்தான். 2002க்கு முன் பிறந்தவருக்கு, சொந்தக் காசில் பெற்றோர் எம்எம்ஆர் போட்டிருந்தால்தான் உண்டு. உங்கள் மிஸ்களின் பிறந்த வருஷத்தை ஒருமுறை பாருங்கள், புரியும்.

எம்எம்ஆர் ஒரே ஊசியில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. பெரியவர்களுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை. முன்பே போட்டிருந்து மறந்துபோய் மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை, அதனால் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. கர்ப்பிணிக்குப் போடக் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். இதை மிஸ்களிடம் பெண் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுவது நல்லது. ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "யாராவது மாசமா இருக்கீங்களா" என்று கேட்டு வைக்காதீர்கள்.

அடுத்தது சின்னம்மை. நம் ஊரில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, ஆளைத் தனியே படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. வேறெந்த நோய்க்கும் கிடைக்காத மரியாதை அது, உண்மையிலேயே நல்ல வழக்கம். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். வேப்பிலை செருகும்போது வகுப்பில் பாதிக்குப் போயிருக்கும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை போய்ப் படுத்தலாம். அரசு அட்டவணையில் இது இல்லை, விலையும் அதிகம். நாலு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணை. கர்ப்பிணிக்கு இதுவும் ஆகாது. நீர் கோர்த்த கொப்புளத்தோடு அம்மை போட்டிருந்தது நன்றாக நினைவிருப்பவருக்கு வேண்டாம். வராதவருக்கு மட்டும் போட்டால் செலவு பாதியாகிவிடும். பிள்ளை ஒன்றுக்கு அம்மை கண்டுவிட்டால், இதுவரை போடாத ஆளுக்கு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. கர்ப்பிணி யாராவது கூட இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "போன வருஷம் ஆணி குத்தி டிடி போட்டுக்கிட்டேன்" என்பார்கள், அதில் கக்குவான் இருமலுக்கு மருந்து கிடையாது. அதற்கு டிடாப் என்று தனியாரிடம் கிடைப்பது வேண்டும். கைக்குழந்தைகளைச் சேர்க்கும் கிரஷ் என்றால் கட்டாயம் போடுங்கள், இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பீர்கள் என்றால் கையிருப்பைப் பார்த்துச் செய்யலாம். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், ஐப்பசி மழைக்கு முன். மஞ்சள் காமாலை ஏ வகை சின்னப் பிள்ளைகளுக்கு அறிகுறியே காட்டாமல் இருக்கும், கால் கழுவிவிடும் ஆயாவுக்குக் கண் மஞ்சளாகும்போதுதான் தெரியும். அப்புறம் கீழாநெல்லியைத் தேடி ஓடுவோம். ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் மையப் பணியாளர்களுக்கான பரிந்துரையில் எம்எம்ஆர், சின்னம்மை, கக்குவான், ஃப்ளூவோடு இதுவும் இருக்கிறது. நம் ஊரில் சிறு வயதிலேயே வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், இதற்கு மட்டும் ரத்தம் பார்த்துவிட்டுப் போடுவது லாபம். சமைக்கிற ஆள் இருந்தால் டைபாய்டு ஊசியும் போடுங்கள். கால் கழுவிவிடும் கையே ஸ்நாக்ஸ் தட்டை எடுக்காமல் வேலையைப் பிரித்துவிடுவதும், வாஷ்பேசினில் சோப்பு தீராமல் பார்ப்பதும் இந்த இரண்டு ஊசிக்கும் முன்னால் செய்ய வேண்டியவை.

எங்கே போடுவது? புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் ஊசி. பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் பலரிடம் இவை இருப்பு இருக்காது. குழந்தைகள் டாக்டரின் ஃப்ரிட்ஜில் எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் எப்போதும் இருக்கும், மொத்தமாக ஆறு பேரை அழைத்துப் போனால் நேரம் ஒதுக்கித் தருவார். போலியோ ஒழிப்புக்கு உழைத்த டாக்டர் ஜேக்கப் ஜானும், ரோட்டா வைரஸ் ஆய்வு செய்த டாக்டர் ககன்தீப் காங்கும் வேலை பார்த்த சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கும் நம் வேலூரில், பெரியவர்களுக்கான ஊசிக்கு இப்படி அலைய வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கட்டாயப்படுத்தலாமா என்றால், யாரையும் வற்புறுத்தி ஊசி போடவைக்க முடியாது என்று கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் அனுபவத்தில் மறுப்பவர்கள் முக்கால்வாசி ஊசிக்குப் பயந்து மறுப்பதில்லை. காசு யார் தருவது, மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளம் பிடிப்பார்களா என்பதுதான் கேள்வி. காசை நீங்கள் கொடுங்கள், மறுநாள் சம்பளத்தோடு லீவு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள், அம்மை பரவும் வாரத்தில் மட்டும் ஆபீஸ் வேலைக்கு மாற்றுங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்கிற இடத்தில் ஆயா காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார், அங்கே எந்த ஊசியும் முழுசாக உதவாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற ஆளை மட்டும் தயங்காமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஜூன் திறப்பு என்றால் ஏப்ரல் கடைசியில் முதல் தவணை எம்எம்ஆரும் சின்னம்மையும் ஒரே நாளில் போட்டுவிடலாம். தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி விட வேண்டும். மே கடைசியில் இரண்டாவது தவணை. அந்தத் தேதியை அவர்களிடம் விடாமல் உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், ரசீதின் நகல் ஒன்றை அவர்கள் கையிலும் கொடுங்கள். நாளைக்கு வேறு பள்ளிக்குப் போனாலும் உதவும்.