மதிப்பெண் கூடியது சரி, அடி குறைந்ததா?

கேள்வி: தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கடலோரக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருக்கிறேன். காதல் என்ற பெயரில் நடக்கும் அடி, மிரட்டல், போட்டோவைக் காட்டிப் பயமுறுத்துவது ஆகியவற்றைத் தடுக்க, ஒரு தொண்டு நிறுவனம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு வகுப்புகள் எடுத்தது. முன்னும் பின்னும் தேர்வு வைத்தார்கள். மதிப்பெண் நன்றாகக் கூடியிருக்கிறது. அடுத்த ஆண்டும் தொடர அனுமதி கேட்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்த மதிப்பெண்ணை வைத்து மட்டும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். ‘காதலிப்பவரை அடிப்பது சரியா?’ என்று கேட்டால், ஆறு வகுப்பு உட்கார்ந்து கேட்ட எந்தப் பிள்ளையும் ‘தவறு’ என்றுதான் டிக் அடிக்கும். நேற்று சாயங்காலம் ஒரு பெண்ணின் போனைப் பிடுங்கி, யாரோடு பேசினாய் என்று மிரட்டிய பையனும் அதையேதான் டிக் அடிப்பான். இளையோருக்கான இத்தகைய திட்டங்களைப் பற்றிய 38 ஆய்வுகளை 2013-இல் காக்ரேன் (மருத்துவ, சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு ஒன்று சேர்த்துப் பார்த்தது. அறிவு சற்றுக் கூடியிருந்தது. வன்முறை குறைந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அதற்காக இந்த முயற்சியே வீண் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-களில் தொடங்கிய ‘சேஃப் டேட்ஸ்’ திட்டத்தில் பத்து வகுப்புகளும் ஒரு நாடகமும் ஒரு போஸ்டர் போட்டியும் இருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும், அதில் இருந்த பிள்ளைகளிடம் உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறை குறைவாகவே இருந்தது. நியூயார்க் நகரின் 30 பள்ளிகளில் நடந்த ‘ஷிஃப்டிங் பவுண்டரீஸ்’ ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளையே வரைபடத்தில் குறிக்கச் சொல்லி, அந்த இடங்களில் கண்காணிப்பைக் கூட்டிய பள்ளிகளில் பாலியல் தொல்லை குறைந்தது.

இதை நீங்கள் நாளைக்கே செய்யலாம், செலவே இல்லை. ஒரு சார்ட் பேப்பரில் பள்ளி, கழிப்பறைப் பின்பக்கம், பஸ் ஸ்டாப், ஏலக்கூடம், கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதை எல்லாவற்றையும் வரைந்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் தனியாகவும் பையன்கள் தனியாகவும் சிவப்புப் புள்ளி வைக்கட்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு சார்ட். பஸ் ஸ்டாப்பில் இருந்த சிவப்பு குறைந்திருந்தால், அந்தத் தேர்வுத்தாளைவிட அது எனக்குப் பெரிய தகவல்.

யார் நடத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் ‘சேஹர்’ என்ற திட்டத்தை ஆராய்ந்தார்கள். அது காதல் வன்முறைக்கென்று வந்ததல்ல, பள்ளிச் சூழலையே மாற்ற வந்தது. அதற்கென்றே நியமித்த ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, வன்முறையும் குறைந்தது. ஆசிரியர்களே நடத்திய பள்ளிகளில் மாற்றம் தென்படவில்லை. ஆசிரியர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இருக்கிற வேலைச்சுமையோடு இதையும் அவர்கள் தலையில் ஏற்றினால் நடக்காது.

சரி, கேள்வித்தாளில் என்ன கேட்பது? கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ‘கடந்த மூன்று மாதத்தில், உன்னை விரும்புவதாகச் சொன்ன ஒருவர் உன் போனைப் பிடுங்கிப் பார்த்தாரா? உன்னை அடித்தாரா, தள்ளினாரா? பேசாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்றாரா? போட்டோவை அனுப்பிவிடுவேன் என்றாரா?’ ‘காதலன்’ என்ற சொல்லைப் போடவே வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண் பிள்ளை அந்தக் கட்டத்தில் டிக் போடுவாளா? இதே கேள்விகளை ‘நீ செய்தாயா?’ என்றும் திருப்பிக் கேளுங்கள்.

தாளில் பெயரும் வேண்டாம், எமிஸ் எண்ணும் (அரசுப் பதிவில் உள்ள மாணவர் எண்) வேண்டாம். அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கூடப் பிறந்த மூத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு குறியீட்டைப் பிள்ளையே எழுதட்டும். முன்தாளையும் பின்தாளையும் சேர்த்துப் பார்க்க அது போதும். மடித்து, பூட்டிய பெட்டியில் போடட்டும். வகுப்பாசிரியர் அந்த நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது. தாள்களைப் பள்ளியில் யாரும் பிரிக்கவும் கூடாது.

கடற்கரைப் பள்ளிகளுக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்த கையோடு வீட்டுச் சூழலே மாறிவிடும். ஜூனில் ஒருமுறையும் பிப்ரவரியில் ஒருமுறையும் கேட்டால், மாறியது திட்டத்தாலா பருவத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல்முறை எந்த மாதத்தில் கேட்டீர்களோ, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் கேளுங்கள். இரண்டாவதுதான் பெரியது: படிப்பை நிறுத்திவிட்டுப் படகுக்குப் போகும் பையன்கள், திடீரென்று கல்யாணம் பேசி நிறுத்தப்படும் பெண்கள். பின்தாள் எழுதும் நாளில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதிகம் அடித்தவனும் அதிகம் அடிபட்டவளும் அவர்களில் இருந்தால், மிச்சமிருப்பவர்களை வைத்துக் கணக்கிடும்போது திட்டம் வென்றதுபோலவே தெரியும். முன்தாள் எழுதியவர்களில் எத்தனை பேர் பின்தாளும் எழுதினார்கள் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். இந்தக் கணக்கு இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் ஒரு பள்ளியின் எண்ணிக்கை மட்டும் போதாது. கனடாவின் ஒன்டாரியோவில் ‘ஃபோர்த் ஆர்’ திட்டத்தை 20 பள்ளிகளில் 1,722 பிள்ளைகளிடம் ஆராய்ந்தார்கள். இரண்டரை ஆண்டு கழித்து, திட்டம் இல்லாத பள்ளிகளில் 9.8 சதவீதம் பேர் தாங்கள் கைநீட்டியதாகச் சொன்னார்கள், திட்டம் நடந்த பள்ளிகளில் 7.4 சதவீதம். நூறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று பேர்தான். தற்செயலாகவே அவ்வளவு கூடும், குறையும். ஆகவே பக்கத்துக் கடலோரப் பள்ளிகளையும் சேருங்கள். பாதிப் பள்ளிகளுக்கு இந்த ஆண்டு, மீதிக்கு அடுத்த ஆண்டு என்று குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். யாருக்கும் அநியாயம் இல்லை, ஒப்பிடவும் வழி கிடைக்கும். பரமக்குடிப் பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடாதீர்கள், அங்கே வாழ்க்கை வேறு.

முதல் சில மாதங்களில், பள்ளியில் வைத்திருக்கும் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியில் புகார் கூடினால் பயப்பட வேண்டாம். இதுவரை வாயைத் திறக்காத பிள்ளை நம்பிப் பேச ஆரம்பித்திருக்கிறது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். புகார் எண்ணிக்கையை மட்டும் காட்டி ‘திட்டம் கெடுத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், பெயரில்லாத தாள் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, கேள்வித்தாள் கொடுக்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டியது ஒன்று. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் வன்முறையை உங்களிடம் நேரில் சொன்னால், போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி அது குற்றம். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தாளின் அடியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அச்சிடுங்கள். எழுதி முடித்த அன்றைக்கு, பிள்ளைகள் நம்பும் ஓர் ஆசிரியை சாயங்காலம் வரை பள்ளியில் இருக்கட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.